தொய்ந்த கன்னம், விரிந்த துளை: மெஷினுக்கு முகம் கொடுக்கும் முன் தெரிய வேண்டியவை

ஹைஃபு, ஆர்.எஃப்., கார்பன் லேசர், மைக்ரோநீட்லிங். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரிலும் இந்த முகச் சிகிச்சைகளின் பெயர்கள் இப்போது எல்லார் வாயிலும் வருகின்றன. கன்னம் தொங்கினால் ஒன்று, மூக்கோரம் ஓட்டை ஓட்டையாக இருந்தால் இன்னொன்று, இரண்டும் சேர்த்தால் தீபாவளி பேக்கேஜ். பெயர் பரவிய அளவுக்கு அந்த மெஷின் தோலுக்குள் என்ன செய்கிறது என்ற விளக்கம் பரவவில்லை. கத்தி, தையல் இல்லாத சிகிச்சைகளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். போடோக்ஸ், ஃபில்லர், நூல் போடுவது எல்லாம் ஊசி வழியாக உள்ளே போகிறவை. அவற்றைத் தனியாகப் பேச வேண்டும்.

இரண்டு கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். என் முகத்தில் இருக்கும் குறை எந்த ஆழத்தில் இருக்கிறது? இந்த மெஷின் தோலின் நிறத்தைத் தேடிப் போகிறதா? மாநிறமும் கறுப்புமான நம் தோலுக்கு இரண்டாவது கேள்விதான் உயிர்க்கேள்வி. பல விளம்பரங்களில் வரும் முகம் வெளிர்நிற முகம். அந்த முகத்துக்குச் சரியாக இருக்கும் அதே அளவு சூடு நம் முகத்தில் கருந்தழும்பாக முடியலாம்.

முதலில் தோல். மேல்தட்டின் கனம் முகத்தில் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். நிறம் தரும் மெலனின் இந்தத் தட்டில்தான் இருக்கிறது. அதன் கீழே ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் உள்தோல். அங்கே கொலாஜன், எலாஸ்டின் என்ற இரண்டு நார்கள். ஒரு கல்யாணப் பந்தலை நினைத்துக்கொண்டால் கொலாஜன் நட்டுவைத்த கால், எலாஸ்டின் இழுத்துக் கட்டிய கயிறு. கால் சாய்ந்து கயிறு தளர்ந்தால் மேலே போட்ட துணி தானாகத் தொய்யும். உள்தோலுக்கும் கீழே கொழுப்பு, அதற்கும் கீழே முகத்தசையைப் போர்த்திய ஒரு நார்ப்படலம். முகத்தைத் தூக்கிக் கட்டும் அறுவை சிகிச்சையில் மருத்துவர் இழுத்துத் தைப்பது இந்தப் படலத்தைத்தான்.

ஆக, 'தொங்குகிறது' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வது பல ஆழங்களில் நடக்கிறது. கண்ணோரத்து மெல்லிய சுருக்கம் உள்தோலின் தளர்ச்சி. தாடையோரம் பை மாதிரி இறங்குவது கொழுப்பும் படலமும் சேர்ந்து கீழே வந்தது. வயதானால் முக எலும்பும் கொஞ்சம் சுருங்குகிறது, அதனால் மேலே இருப்பதற்குப் பிடிமானம் குறைகிறது. எந்தக் கிரீமும் எலும்பு வரை போகாது. எந்த மெஷினும் இது எல்லாவற்றையும் சரி செய்யாது.

இளமை கடந்தபின் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு கொலாஜன் குறைகிறது என்பது பொதுவான கணக்கு. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் மட்டும் தோலின் கொலாஜனில் சுமார் 30 விழுக்காடு போய்விடுகிறது. ஐம்பது வயதை ஒட்டி 'திடீரென்று முகம் இறங்கிவிட்டது' என்று அக்காமார் சொல்வது மனப்பிரமை இல்லை. புகை பிடிப்பது, வேகமாக உடல் இளைப்பது, கட்டுக்குள் வராத இனிப்புநீர் (நீரிழிவு) எல்லாமே இதைக் கூட்டும். ஆனால் இவற்றில் நம்மால் தடுக்கக்கூடிய பெரிய காரணம் வெயில்.

2012இல் ஒரு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 ஆண்டுகள் லாரி ஓட்டியவர். அவருடைய முகத்தின் இடது பக்கம் மட்டும் தடித்து, மடிந்து, தொங்கிப்போயிருந்தது. வலது பக்கம் அத்தனை மோசமில்லை. காரணம், ஜன்னல் பக்கமாக விழுந்த வெயில். வெயிலில் இருக்கும் புற ஊதா ஏ கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியை ஊடுருவும், உள்தோல் வரை போய் நாரை அறுக்கும். நம் நாட்டில் ஸ்டியரிங் வலது பக்கம். அதனால் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்கள் தங்கள் வலது கன்னத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்குப் போன நம் பாட்டிமார் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, அதன் மேல் தொப்பியும் வைத்தார்கள். எந்த விலை உயர்ந்த கிரீமையும்விட அந்தக் கட்டு தோலுக்கு நல்லது செய்தது. நான் இதை மரியாதையோடு சொல்கிறேன்.

சரி, துளைகளுக்கு வருவோம். முகத்தில் தெரியும் ஒவ்வொரு துளையும் ஒரு மயிர்க்காலின் வாய். அந்தக் காலோடு ஒட்டிய எண்ணெய்ச் சுரப்பி அதன் வழியாகத்தான் எண்ணெயை வெளியே விடுகிறது. துளைக்குத் திறந்து மூடும் தசை கிடையாது. ஆவி பிடித்தால் திறக்கும், ஐஸ் வைத்தால் மூடும் என்பதில் உண்மை இல்லை. ஆவியில் எண்ணெய் இளகும், குளிரில் தோல் சற்று நேரம் இறுகும், அவ்வளவுதான். துளையை நிரந்தரமாக மறையச் செய்யும் வழியும் இல்லை. அது மறைந்தால் எண்ணெய் வெளியேற இடமிருக்காது.

துளை பெரிதாகத் தெரிய முக்கியமான காரணங்கள் மூன்று: எண்ணெய் அதிகம் சுரப்பது, துளையைச் சுற்றியுள்ள தோல் தளர்வது, மயிர்க்காலே பருத்திருப்பது. இருபது வயதுப் பையனின் மூக்கில் வட்டமாகத் தெரிவது பெரும்பாலும் முதல் காரணம். ஐம்பது வயது அம்மாவின் கன்னத்தில் நீள்வட்டமாக, கீழ்நோக்கி இழுபட்ட மாதிரி தெரிவது இரண்டாவது. தொய்வும் துளையும் ஒரே இடத்தில் சந்திப்பது இங்கேதான். ஒரே 'துளை சிகிச்சை'யை மகனுக்கும் அம்மாவுக்கும் விற்கிறவர் துளையைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

மெஷினுக்கு முன்னால் கிரீம். சலிப்பாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள், செலவுக்கு அதிகப் பலன் இங்கேதான். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 903 பேரை வைத்து நான்கரை ஆண்டுகள் நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களுக்குத் தோல் முதுமை 24 விழுக்காடு குறைவாக இருந்தது. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் பிதுக்கிப் போட வேண்டும். நம் தோலுக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சமே கறுத்த தோலில் கருமை திட்டுகளைக் கூட்டும். அதைத் தடுப்பது அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன். வெள்ளையாகத் திட்டுத் திட்டாகவும் நிற்காது.

எண்ணெய் காரணமான துளைக்கு சாலிசிலிக் அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ், நியாசினமைடு என்ற வைட்டமின் பி3 கலந்த கிரீம். தளர்ச்சிக்கும் துளைக்கும் சேர்த்து வேலை செய்வது ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகை. அதில் வலுவானது டிரெட்டினோயின். அமெரிக்காவில் 1971இல் பருவுக்கு என்று அனுமதி பெற்ற மருந்து அது. அதைப் போட்டவர்களுக்குச் சுருக்கமும் குறைவதைக் கண்டபிறகு வெயிலால் முதிர்ந்த தோலுக்கும் வந்தது. மலேசியாவில் இது மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்க வேண்டிய மருந்து. வாரத்தில் இரண்டு இரவு, ஒரு பட்டாணி அளவு என்று தொடங்கி மெல்ல ஏற்ற வேண்டும். ஆர்வத்தில் முதல் வாரமே தினமும் பூசினால் தோல் எரிந்து உரியும், நம் தோலில் அந்த எரிச்சலே கருமையாக நிற்கும். மூன்று மாதமாவது பொறுமை வேண்டும். கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் தொடவே கூடாது.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீர்கள். எலுமிச்சையில் இருக்கும் ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுட்டுக் கருந்திட்டு ஆக்கும். பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும், லேபிள் இல்லாத 'ஒரு வாரத்தில் பளபளப்பு' கிரீம்கள் அதைவிட ஆபத்து. பாதரசம், ஹைட்ரோகுவினோன், ஸ்டீராய்டு கலந்த கிரீம்களைச் சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு திரும்பத் திரும்பத் தடை செய்து அறிவித்திருக்கிறது. பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். தொய்வுக்கு மருந்து தேடிப் போய்த் தொய்வையே வாங்கி வருவது மாதிரி ஆகிவிடும். சட்டப்படி விற்கும் அழகுப் பொருளுக்கு 'என்.ஓ.டி.' என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கும். அந்த எண்ணை ஒழுங்குமுறைப் பிரிவின் இணையப் பக்கத்தில் தட்டிப் பார்க்கலாம்.

இனி மெஷின். எல்லா மெஷினுக்கும் பின்னால் இருக்கும் யோசனை ஒன்றுதான்: தோலுக்குள் அளவாகக் காயப்படுத்துவது, உடம்பு அதை ஆற்றும்போது புதுக் கொலாஜனை நெய்ய வைப்பது. பெரும்பாலும் அந்தக் காயத்தைச் சூடு உண்டாக்குகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒளியிலிருந்து வந்தால் அது லேசர், அல்லது பல அலைநீளம் கலந்த வலுவான ஒளியைப் பளிச்சிடும் ஐ.பி.எல். ஒளியைத் தோலில் எந்த நிறம் உறிஞ்சுகிறதோ அது சூடாகும். அலைநீளத்தைச் சரியாகத் தேர்ந்தால் வேண்டிய இடம் மட்டும் சுடும் என்று 1983இல் அமெரிக்காவில் ஆண்டர்சன், பாரிஷ் இருவரும் விளக்கினார்கள். இன்றைய லேசர் மருத்துவம் இந்த அடிப்படையில்தான் நிற்கிறது. நமக்கு வரும் சிக்கலும் இதில்தான். மெலனின் ஒளியை நன்றாக உறிஞ்சும். தோல் கறுத்திருந்தால் ஒளி கீழே போகும் முன் மேல்தட்டிலேயே மாட்டி, அங்கேயே சுடும். மருத்துவர்கள் தோலை 1 (மிக வெளிர்) முதல் 6 (மிகக் கறுப்பு) வரை வகை பிரிப்பார்கள். 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற மருத்துவர் தொடங்கிய முறை அது. தமிழர்களில் பெரும்பாலோர் 4, 5, சிலர் 6. இந்த வகைத் தோலில் ஐ.பி.எல். அடிப்பதற்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். 6க்கு வேண்டவே வேண்டாம் என்பேன். லேசரே தேவை என்றால் 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்.டி. யாக் வகை மெலனினை ஓரளவு தாண்டிப் போகும். கடைகளில் சொல்லும் கார்பன் லேசர் பெரும்பாலும் இந்த வகை. கரிக்குழம்பைப் பூசி, அதன் மேல் லேசர் அடிப்பார்கள். எண்ணெய்ப் பசை குறையும், சில வாரம் முகம் வழவழப்பாகத் தெரியும். தொய்வுக்கு இதனால் பெரிய பயன் இல்லை.

ஃபிராக்ஷனல் லேசர் என்பது முழு முகத்தையும் சுடாமல் கண்ணுக்குத் தெரியாத நுண்புள்ளிகளாகச் சுட்டு, இடையில் நல்ல தோலை விட்டுவைப்பது. 2004இல் வந்த முறை. துளைக்கும் பருத்தழும்புக்கும் நல்ல பலன் தரும். ஆனால் காயம் ஆறும்போது நம் தோல் மெலனினை அள்ளிக் கொட்டும். புண் ஆறிய இடத்தில் கறுப்பு நிற்பதை நாம் எல்லாரும் முழங்காலில் பார்த்திருக்கிறோம், அதுவே முகத்தில் நடக்கும். மேலோட்டமாக இருந்தால் சில மாதத்தில் மங்கும். மெலனின் உள்தோலுக்கு இறங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். அதனால் கறுத்த தோலுக்கு ஆற்றலைக் குறைத்து, புள்ளிகளின் நெருக்கத்தைக் குறைத்து, இடைவெளி விட்டு அடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

மின்சாரத்திலிருந்து சூடு வந்தால் ஆர்.எஃப்., அதாவது ரேடியோ அலை. தோல் மின்னோட்டத்தை எதிர்ப்பதால் சூடு பிறக்கிறது, நிறத்துக்கு அதில் வேலையே இல்லை. மேல்தோலைக் குளிர்வித்துக்கொண்டே உள்தோலைச் சுடுவார்கள். தெர்மாஜ் என்ற மெஷின் 2002இல் கண்ணோரச் சுருக்கத்துக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உள்தோல் தளர்ச்சிக்கும், அந்தத் தளர்ச்சியால் நீண்ட துளைக்கும் இது பொருத்தமானது.

ஒலியிலிருந்து வந்தால் ஹைஃபு. காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை ஒரு புள்ளியில் குவிக்கிறார்கள். அந்தப் புள்ளியில் மட்டும் 60, 70 டிகிரி வரை சூடேறும், மேல்தோல் அப்படியே இருக்கும். குவியும் ஆழத்தை 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் என்று மாற்றலாம். 4.5 என்பது நான் முன்பு சொன்ன நார்ப்படலத்தின் ஆழம், அதனால்தான் தாடையோரத் தொய்வுக்கு இதைச் சொல்கிறார்கள். அல்தெரபி என்ற மெஷின் 2009இல் புருவம் தூக்குவதற்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் திரையில் தோலின் அடுக்குகளைப் பார்த்துக்கொண்டே அடிக்க முடியும். மலிவான பல மெஷின்களில் திரை கிடையாது, அடிக்கிறவர் குத்துமதிப்பாகத்தான் அடிக்கிறார்.

ஆர்.எஃப்., ஹைஃபு இரண்டும் நிறத்தைத் தேடாதவை என்பதால் நமக்குப் பொதுவாகப் பாதுகாப்பானவை. ஆனாலும் சூடு சூடுதான். மெஷின் தலை தோலோடு சரியாகப் படியாவிட்டால் சுடும், சுட்ட இடம் கறுக்கும். ஹைஃபு தாடை நரம்பில் பட்டு வாய் ஒரு பக்கம் கோணிப்போனவர்கள் உண்டு. பெரும்பாலும் வாரங்களில் சரியாகும், ஆனால் அந்த வாரங்கள் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். கொழுப்பு அடுக்கில் பட்டால் கொழுப்பு கரையும். ஏற்கெனவே ஒட்டிய கன்னம் உள்ளவர்கள் முகத்தைத் தூக்கப் போய்க் குழி விழுந்த கன்னத்தோடு வருவது இதனால்தான். இதையும் சொல்லிவிட வேண்டும்: லேசான, நடுத்தரத் தொய்வுக்குத்தான் இவை. கழுத்துத் தோல் பையாகத் தொங்கினால் அறுவை சிகிச்சைதான் வழி. கிடைத்த பலனும் பொதுவாக ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரைதான் நிற்கும்.

மைக்ரோநீட்லிங் நுண் ஊசிகளால் குத்துவது. துளைக்கும் தழும்புக்கும் உதவும். ஊசிநுனியில் ஆர்.எஃப். சேர்ந்த வகையும் உண்டு, வலுவும் அதிகம், ஆபத்தும் அதிகம். இணையத்தில் வாங்கிய ஊசி உருளையை வீட்டில் அக்கா, தங்கை, அம்மா என்று மாற்றி மாற்றி உருட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஒருவர் ரத்தத்தில் உள்ள கிருமி இன்னொருவருக்குப் போகும் வழி அது.

யார் கையில் முகத்தைக் கொடுப்பது? சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் லேசரும் தோலை இறுக்கும் ஆர்.எஃப்., ஒலி மெஷின்களும் பதிவு பெற்ற மருத்துவரின் வேலை. அந்த மருத்துவருக்கு அழகு சிகிச்சைக்கென்று எல்.சி.பி. என்ற தனி அனுமதிக் கடிதமும் வேண்டும். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டிய பார்லருக்கு அந்த அனுமதி இல்லை. மெஷினுக்கு 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவு இருக்க வேண்டும். இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். "டாக்டர், உங்க எல்.சி.பி. பார்க்கலாமா? என் மாதிரி கறுத்த தோலுக்கு இதற்கு முன்னால் செய்திருக்கிறீர்களா? படம் இருக்கிறதா?" என்று நேராகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். காதோரத்தில் சிறிய இடத்தில் முதலில் அடித்துப் பார்த்துச் சில வாரம் பொறுக்கலாம் என்று அவரே சொன்னால் நம்பலாம்.

அதற்கும் முன்னால், முகத்தில் இருப்பது மங்கு, பரு, பழைய ஸ்டீராய்டு கிரீமின் சேதம் மாதிரி ஒரு நோயாக இருந்தால் பேக்கேஜ் வாங்காதீர்கள். ஊரில் உள்ள அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சாலையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான்.

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஆர்.எஃப். பக்கம் போகக் கூடாது. காயம் பட்டால் தழும்பு புடைத்து வளரும் உடம்புக்காரர்கள் லேசருக்கும் ஊசிக்கும் முன்னால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். காது குத்திய இடத்தைத் தடவிப் பார்த்தாலே பலருக்குத் தெரியும். இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாவிட்டால் முதலில் அதைக் கட்டுக்குக் கொண்டுவாருங்கள், புண் ஆறுவது தாமதமாகும், கிருமியும் எளிதில் பிடிக்கும். கர்ப்பிணிகள் பிள்ளை பெறும்வரை காத்திருக்கலாம்.

கடைசியாக நேரக் கணக்கு. புதுக் கொலாஜன் நெய்ய மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். சிகிச்சை முடிந்த அன்றே முகம் இறுகித் தெரிவது பெரும்பாலும் வீக்கம். ஆகவே தீபாவளிக்கு இரண்டு வாரத்துக்கு முன் விற்கும் 'உடனடி லிஃப்ட்' பேக்கேஜில் நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த வீக்கத்தைத்தான். ஐப்பசித் திருநாளுக்கு முகம் தயாராக வேண்டும் என்றால் ஜூலையிலேயே போக வேண்டும். தைப்பூசத்துக்கு முந்தைய மாதம் லேசர் பக்கமே போகாதீர்கள். காவடியோடும் பால்குடத்தோடும் நண்பகல் வெயிலில் நடக்கப் போகிறவர்களுக்கு, லேசர் பட்ட தோல் அந்த ஒரே நாளில் கறுத்துவிடும். பூசம் முடிந்து, வெயிலில் கறுத்தது தெளிந்த பிறகு தேதி எடுங்கள்.